கரடிக்குப் போன கிருஷ்ணப்பா ஸ்டெப்பு

என் ஆபீஸ் ஆண்டு விழாவில் நானும் அந்தக் கரடி ஆட்டத்தை ஆடியிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஊரைத் திட்டும்போது, இவள் மட்டும் யோக்கியமா என்று யாரும் கேட்கக் கூடாது பாருங்கள். மூன்று அடி முன்னால், இரண்டு அடி பின்னால், அப்புறம் வலது கையை மேலே வீசி வானத்திலிருந்து எதையோ பிடித்து நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். பெங்களூர் இந்திராநகரில் ஒரு ஹோட்டல் ஹாலில் மேனேஜர், கேஷியர், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்று நூறு பேருக்கு மேல் வரிசையாக நின்று ஆடினோம். அது யாருடைய ஆட்டம், எதற்கு ஆடுவது என்று அந்த ஹாலில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்தும் சிரித்துக்கொண்டே ஆடினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

கரடியின் பெயர் ஜம்பு. மளிகைச் சாமானைப் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற ஒரு கம்பெனியின் கரடி அது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதுவும் அவர்களுக்கு ஒரு விளம்பரமாகிவிடும். விளம்பரத்தில் ஜம்பு கடைக்குப் போகலாம் என்று செருப்பை மாட்டும். வாசலைப் பார்த்து மூன்று அடி வைக்கும். வெயிலைப் பார்த்துச் சோம்பல்பட்டு இரண்டு அடி பின்னால் வரும். பிறகு கையை வீசி, ஆகாயத்திலிருந்து ஒரு பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொள்ளும். உடனே நாலு பேர் கன்னடத்தில் "எல்லூ ஹோக்பேடா!" என்று கத்துவார்கள். எங்கேயும் போகாதே என்று அர்த்தம்.

அவ்வளவுதான் விளம்பரம். இதற்கு இந்த ஊர் பைத்தியமாகிவிட்டது. கிரிக்கெட் மைதானத்தில் விக்கெட் விழுந்தால் நாற்பதாயிரம் பேர் ஜம்பு ஆடினார்கள். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஜம்பு ஆடிக்கொண்டுதான் மேடைக்கு வந்தார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு ஜீவனஹள்ளியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஆளுயரக் கரடியை நிறுத்திவிட்டு, பாவம், மூஞ்சூறை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஈஜிபுரா சிக்னலில் வண்டிகள் நகராமல் நின்றால் அதற்கு ஜம்பு டிராஃபிக் என்று பெயர். கட்சி மாறிவிட்டு மறுபடி பழைய கட்சிக்கே வந்த ஒருவரைப் பத்திரிகையில் கரடியாக வரைந்தார்கள். பிறந்த நாள் கேக், ஆட்டோ ஸ்டிக்கர், ஸ்கூல் பை, ஸ்பெஷல் குழந்தைகளுக்கான உடற்பயிற்சி, எதை எடுத்தாலும் ஜம்பு.

இத்தனை பேரும் ஆடியது ஒரு சாவு ஆட்டம். எங்கள் மர்பி டவுனில் பிணத்துக்கு முன்னால் ஆடுகிற ஆட்டம்.

அதைக் கரடிக்குள் கொண்டுபோனவன் ரவிக்குமார். என் பக்கத்துச் சந்துக்காரன். கார்ப்பரேஷன் பள்ளியில் ஏழாவதுவரை என்னோடு படித்தவன். குள்ளம், தொப்பை, எந்த நேரமும் சிரிப்பு. படிப்பு ஏறாமல் கல்யாணத்துக்குச் சீரியல் விளக்குக் கட்டப் போனான். அப்புறம் விளம்பரப் படம் எடுக்கிற இடங்களில் லைட் தூக்குகிற வேலை கிடைத்தது. நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகி, மனைவி வேறு ஒருவரோடு போய்விட்டாள். அதையும் அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். அண்ணன் வீட்டு மாடியில் ஒரு தகர அறையில் இருக்கிறான். சாப்பாடு கீழே அண்ணி கையால்.

அண்ணன் கிருஷ்ணப்பா அவனைவிடப் பதினோரு வயது மூத்தவர். தெருக்கூட்டுகிற வேலை, கான்ட்ராக்ட்டில். அல்சூர் பக்கம் முப்பது வருஷம் கூட்டினார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் ரவியை வளர்த்தது அவர்தான். அதிகம் பேச மாட்டார். வீட்டில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும், அவற்றைத் தினமும் தானே துடைப்பார். அவர் மனைவி காந்தா. காந்தாக்கா பேசுவதற்கு மூன்று வீட்டுக்கு அந்தப்பக்கம் பதில் வரும், அத்தனை பெரிய தொண்டை.

எங்களில் அப்பா செத்தால் மூத்த மகன் தீச்சட்டி தூக்குவான். அம்மா செத்தால் கடைசி மகன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அம்மா செத்தபோது ரவி சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அதனால் கிருஷ்ணப்பாவின் கை சும்மா இருந்தது. தமட்டைப் பறை அடிக்கிறவர்கள் முன்னால், ஆடுகிறவர்கள் அவர்களுக்குப் பின்னால், அதற்கும் பின்னால் சட்டி, கடைசியில் பாடை. இப்படித்தான் போவோம். அதுவரை ஒரு கல்யாணத்தில்கூட கால் அசைக்காத கிருஷ்ணப்பா அன்றைக்குத் தமட்டைக்குப் பின்னால் போய் நின்றார். மூன்று அடி கல்லறைப் பக்கம் வைத்தார். அனுப்ப மனசில்லாமல் இரண்டு அடி பின்னால் வந்தார். பிறகு திரும்பிப் பாடையைப் பார்த்து, கையை மேலே வீசி, போகிறவளின் முந்தானையைப் பிடித்து இழுப்பது போல இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். கல்பள்ளிக் கல்லறைவரை அதையே செய்தார். அழவில்லை. ரவி அதை எதிரே பார்த்துக்கொண்டு சட்டியோடு நடந்தான். நான் பெண்களோடு பின்னால் வந்தேன். எங்கள் தெருவில் பெண்களும் குழிவரை போவோம்.

அதற்குப் பிறகு யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆடுகிறவர்கள் அதைத்தான் ஆடினார்கள். கிருஷ்ணப்பா ஸ்டெப்பு என்று பெயரே வந்துவிட்டது. சாவைத் தவிர வேறு எங்கேயும் அதை ஆட மாட்டார்கள். யாரும் தடை போடவில்லை, ஆடத் தோன்றாது.

அந்தப் படப்பிடிப்பு சர்ஜாபூர் ரோட்டில் ஒரு ஷெட்டில் நடந்தது. ரவி என்னிடம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குரல் இறங்கிப்போய். கரடி வேஷத்துக்கென்று மும்பையிலிருந்து வந்த டான்ஸர் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டான். டைரக்டர் அனுஷா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சென்னையில் படித்துவிட்டு இங்கே வந்தவள், சின்ன வயது. யாரோ ரவியைக் காட்டினார்கள். வயிறும் உயரமும் கரடிக்கு அளவெடுத்தது போல இருந்தது.

"ரவி, உள்ள போறீங்களா? ஒரே ஒரு மணி நேரம்தான்" என்று கேட்டாள் அனுஷா.

"எனக்கு டான்ஸ் வராது மேடம்."

"ஃப்ரீயா ஏதாவது பண்ணுங்க. மூஞ்சி தெரியாது, யாருக்கும் நீங்கன்னு தெரியாது. கூச்சப்படாதீங்க."

அந்த வார்த்தையில்தான் அவன் விழுந்தான். யாருக்கும் தெரியாது. உள்ளே ஒரே இருட்டு, முன்னால் போனவனுடைய வேர்வை நாற்றம். மூச்சு முட்டியது. வெளியே பாட்டைப் போட்டார்கள், அதன் அடி கிட்டத்தட்டத் தமட்டை அடி. கால் தானாகப் போய்விட்டது என்று சொல்கிறான். நான் அதை முழுசாக நம்பவில்லை. கால் தானாகப் போயிருக்கலாம், ஆனால் எல்லோரும் கை தட்டினதும் இரண்டாவது தடவை ஆடியது யார்? ஏழு டேக் ஆடினானே, அதெல்லாம் காலா ஆடியது?

யாருக்கும் தெரியாது என்று அனுஷா சொன்னது பெங்களூருக்குச் சரி. மர்பி டவுனுக்குச் சரியில்லை. விளம்பரம் முதன்முதலாக ஒரு கிரிக்கெட் மேட்ச்சுக்கு நடுவில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காந்தாக்கா ஆட்டுக்கறிக் குழம்பு கொடுத்தனுப்ப என்னைக் கூப்பிட்டிருந்தாள், அதனால் நான் அங்கே இருந்தேன். கரடி மூன்று அடி வைத்தது. கிருஷ்ணப்பா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். இரண்டு அடி பின்னால் வந்து கையை வீசியது. அவர் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டார்.

"யார்ரா உள்ள?" என்றார்.

ரவி சிரித்தான். அண்ணன் சந்தோஷப்படுவார் என்றுதான் அந்த மடையன் நினைத்திருந்தான். "நான்தாண்ணா. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. உன் ஸ்டெப்புண்ணா, டிவில வந்துகினு கீது பாரு!"

கிருஷ்ணப்பா எழுந்து கை கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அம்மாவுக்கு ஆடினதுடா அது."

"அண்ணா, சும்மா ஜாலிக்கு..."

"நான் செத்தா என் முன்னாடி நீ ஆடக் கூடாது. சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். மறுநாளிலிருந்து அவனோடு பேச்சில்லை என்றும் சொல்ல முடியாது. தண்ணி வந்துச்சா, கேஸ் புக் பண்ணிட்டியா என்று பேசுவார். ஆனால் அந்தச் சொல் அப்படியே நின்றது. ரவிக்கு வேண்டியதெல்லாம் அண்ணன் அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். எங்கள் தெருவில் ஒருவனைப் பார்த்து என் சாவில் ஆடாதே என்று சொன்னால், நீ எனக்கு யாரும் இல்லை என்று சொன்னதற்குச் சமம்.

அண்ணன் கோபம் தணியட்டும் என்று அவன் காத்திருந்தபோது ஊர் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. தெருவில் வளர்ந்த அவமானம் தெருவோடு போயிருக்கும். இது செல்போன் செல்போனாகப் போனது. கிருஷ்ணப்பா காலையில் துடைப்பத்தோடு நிற்கிற இடத்திலேயே, பஸ் ஸ்டாப் பின்னால் விளம்பரப் பலகையில், ஆளுயரத்துக்குக் கையை வீசிக்கொண்டு நின்றது கரடி. அதன் காலடியில் விழுகிற டீ கப்புகளை அவர்தான் கூட்ட வேண்டும். ஒரு காலேஜ் பையன் அவரையே நிறுத்தி, "அங்கிள், ஜம்பு ஸ்டெப் போடுங்க, ஒரு வீடியோ!" என்று கேட்டிருக்கிறான். இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிற பாமா என்கிற பெண்மணி காந்தாக்காவிடம் சொன்னாள். காந்தாக்கா ரவியிடம் சொன்னாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அப்புறம்தான் அந்தப் பேட்டி வந்தது. ஏதோ ஒரு பெரிய ஹோட்டலில் விளம்பரத்துக்கு விருது கொடுத்தார்கள். அனுஷா பேசியதை ரவி எனக்குச் செல்போனில் போட்டுக் காட்டினான். அந்த அசைவு எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: மூன்று மாதம் கரடிகளைப் பற்றிய படங்களாகப் பார்த்தோம், காட்டில் கரடி தேனடைக்குக் கை நீட்டுவதிலிருந்து அதை எடுத்தோம். கை தட்டினார்கள். பொய் சொல்லலாம், வயிற்றுப்பாட்டுக்கு எல்லோரும் சொல்கிறோம். எங்கள் அண்ணன் அம்மாவுக்கு ஆடியதைக் கரடியிடமிருந்து கற்றேன் என்று சொல்கிற அளவுக்கா? எங்கள் ஆட்களைவிட ஒரு மிருகத்திடமிருந்து எடுத்தேன் என்று சொல்வது அவளுக்குக் கௌரவமாக இருக்கிறது.

ரவி மெதுவாகச் சொன்னான். "அந்தப் பொண்ணுக்கே தெரியாதுல்ல ரூபி. நான்தான் சொல்லலியே, எங்கேர்ந்து வந்துச்சுன்னு."

"அப்ப போய்ச் சொல்லு. போய்ச் சொல்லுடா!" என்று கத்தினேன். அவன் போனதற்கு நானும் ஒரு காரணம்.

கம்பெனியில் சேஷகிரி என்று ஒருவர்தான் கரடி சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பார்க்கிறவர். ரவி அவர் முன்னால் போய் உட்கார்ந்து, பணம் எதுவும் வேண்டாம், இது எங்கண்ணன் ஸ்டெப்பு என்று ஒரே ஒரு இடத்தில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறான். சேஷகிரிக்கு முதலில் ஒரே குஷி. எங்கிருந்து வந்தது என்று கதை கிடைத்தால் நல்லதுதானே. அண்ணன் டான்ஸரா, எந்த விழாவில் ஆடுவீர்கள், கரகமா, அண்ணம்மா உற்சவமா என்று கேட்டார்.

"சாவுல சார்" என்றான் ரவி.

சேஷகிரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாராம். அந்தச் சத்தத்தைத்தான் ரவி திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

"சாவுலன்னா... டெட் பாடி முன்னாடியா?"

"ஆமா சார்."

"இத வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"எங்க ஏரியால எல்லாருக்கும் தெரியும் சார்."

"அந்த ஏரியா இல்லப்பா, வெளியே" என்றார் சேஷகிரி. "குழந்தைங்க பர்த்டேல ஆடறாங்க. கல்யாணத்துல ஆடறாங்க. இது தெரிஞ்சா எப்படி ஃபீல் பண்ணுவாங்க, யோசிங்க. இது உங்களுக்கும் நல்லதில்ல."

காபி வந்தது, இவனுக்கு மட்டும் காகிதக் கப்பில். அடுத்த வாரம் எடுத்த புது விளம்பரத்தில் கரடிக்குள் வேறு ஆள். ரவிக்கு லைட் வேலையும் அந்த யூனிட்டில் இல்லாமல் போனது. ஆட்டத்தை நிறுத்தினார்களா என்றால், அதுதான் இல்லை. ஆட்டம் சுத்தம், எங்கள் பெயர்தான் தீட்டு.

வீட்டுக்கு வந்து ரவி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னான், உனக்காகப் போய்ச் சண்டை போட்டேன் என்று காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து. கிருஷ்ணப்பா கடைசிவரை கேட்டார். "என் பேரை அவன் வாயால கேக்கணும்னு நான் சொன்னனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, படத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. முப்பது வருஷத் தூசி. நுரையீரல் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரவிதான் கூட இருந்தான். துடைத்துவிட்டான், தூக்கி உட்காரவைத்தான், மற்ற நோயாளிகளின் வீட்டாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். கிருஷ்ணப்பாவும் அவனோடு நன்றாகவே பேசினார். மகன் சஞ்சய் டிப்ளமோவை நடுவில் விடக் கூடாது, கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். அதை மட்டும் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரவி அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். நான் வந்ததைப் பார்த்ததும் தைரியம் வந்ததோ என்னவோ, கேட்டுவிட்டான்.

"அண்ணா, அந்தப் பேச்ச எடுத்துடுண்ணா. எனக்குத் தூக்கம் வரல."

கிருஷ்ணப்பா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கோவம் இல்லடா" என்றார். "கோவம் எப்பவோ போயிடுச்சு. நீ ஆடினா ஜனம் உன்னப் பாக்கும். கரடி, கரடின்னு சொல்லும். என்னப் பாக்காது. நான் ரோட்ல இத்தினி வருஷம் நின்னுகினு இருந்தேன், எவன் பாத்தான்? அந்த ஒரு நாளு, தமட்ட சத்தம் கேட்டு பஸ்ஸு நிக்கும். வண்டி நிக்கும். இவன் யாருன்னு திரும்பிப் பாப்பான். எனக்கு அந்த ஒரு நாளுதான் கீது. அதக் கெடுத்துடாத."

ரவி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிருஷ்ணப்பா போய்விட்டார்.

மர்பி டவுனே வந்தது. அல்சூரில் கூட்டுகிறவர்கள் வேலைக்குப் போடுகிற பச்சைக் கோட்டோடு வந்தார்கள். தமட்டைக்கு டெரிக்கும் அவன் ஆட்களும். டெரிக் சர்ச்சுக்குப் போகிறவன், ஆனால் கிருஷ்ணப்பா அவனுக்கும் அண்ணன் மாதிரி. சஞ்சய் தீச்சட்டி தூக்கினான். தமட்டைக்குப் பின்னால் இருபது, முப்பது பேர் ஆடினார்கள். என்ன ஆடினார்கள் என்று கேட்கவே வேண்டாம், ஆட்டத்துக்குச் சொந்தக்காரனே பாடையில் போகிறான். வேறு எதை ஆடுவார்கள்? ரவி ஆடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடையோடு ஒட்டி நடந்தான். கால் மட்டும் அடிக்கொரு தரம் தடுமாறியது. தமட்டை அடிக்கு அது எழுந்து எழுந்து அடங்கியது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஏறினதும் அண்ணன் ஆசைப்பட்டது நடந்தது. பஸ் நின்றது. ஜன்னலில் தலைகள் திரும்பின. ஒரு டிரைவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். காந்தாக்கா அழுகைக்கு நடுவில் என் கையைப் பிடித்து, "பாரு ரூபி, நிக்கறாங்க பாரு" என்றாள்.

அங்கே ஒரு புதுக் காபிக் கடை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமைப் பகல், உள்ளே நிறைய இளசுகள். முதலில் ஒருவன் எழுந்து செல்போனை நீட்டினான். அப்புறம் பத்துப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். "ஜம்பு! ஜம்பு!" என்று ஒரு கூச்சல். எங்கள் பையன்கள் கையை வீசின ஒவ்வொரு தடவையும் அவர்கள் ஒரே குரலில் "எல்லூ ஹோக்பேடா!" என்று கத்தினார்கள். கரடிப் படம் போட்ட டி-ஷர்ட்டில் ஒருவன் ஆட்டத்துக்குள்ளேயே நுழைந்தான். பாடைக்கு முதுகைக் காட்டி நின்று, செல்போனைத் தன் மூஞ்சிக்கு முன்னால் தூக்கிப் பிடித்து ஆடினான். பின்னால் தெரிந்தது கிருஷ்ணப்பாவின் முகம். அவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை, அதுதான் என் ஆத்திரம். அவர்களுக்கு அது கரடி ஆட்டம். அது எங்களுடையதாக இருக்கக்கூடும் என்று நினைக்கவே அவர்களுக்கு வழியில்லை.

ரவி பாடையை விட்டு முன்னால் ஓடினான். அந்தப் பையனை அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவன் நேராக டெரிக்கிடம் போய்க் குச்சியைப் பிடுங்கினான்.

"நிறுத்துடா! எல்லாரும் நிறுத்துங்க!"

தமட்டை நின்றது. ஆடியவர்கள் நின்றார்கள்.

ரவி காபிக் கடைப் பக்கம் திரும்பினான். "இது உங்க கரடி ஆடறது இல்ல. எங்கண்ணன் ஆடினது. அங்க பட்த்துகினு கீறாரு பாரு, அவரு. கிருஷ்ணப்பா. இந்த ரோட்ட கூட்டினவரு. பாருங்க. அவரப் பாருங்கடா!"

யாரும் பார்க்கவில்லை. ஒருத்தி "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். டி-ஷர்ட்காரன் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "நாங்களும் மரியாதைக்குத்தானே ஆடினோம்" என்று முணுமுணுத்தான். ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். தெரியாமல் சிரித்தார்கள், தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

டெரிக் கேட்டான். "அடிக்கட்டா ரவி?"

"வேணாம். அடிச்சா ஆடுவாங்க. ஆடினா அவனுங்க வருவானுங்க. சும்மா போலாம்."

மூத்தவர்கள் இரண்டு பேர் வேண்டாம்டா என்று சொல்லிப் பார்த்தார்கள். சஞ்சய் சட்டியோடு சித்தப்பாவைப் பார்த்தான், அழுதான். ஆனால் ரவி இருந்த இருப்பில் யாரும் அவனை எதிர்க்கவில்லை. நானும் எதிர்க்கவில்லை. அவன் செய்ததுதான் சரி என்று அந்த நிமிஷம் எனக்குப் பட்டது.

அங்கிருந்து கல்பள்ளிவரை சத்தமில்லாமல் போனோம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் அப்படி ஒரு சாவு போனதில்லை. தமட்டை இல்லாவிட்டால் அந்த ரோட்டுக்கு நாங்கள் சும்மா நடக்கிற கூட்டம்தான். ஐந்து நிமிஷத்தில் பின்னாலிருந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு டெம்போ பாடையை உரசிக்கொண்டு போனது. பஸ்காரன் ஓரமாகப் போங்க என்று கையைக் காட்டினான். தூக்கினவர்கள் பாடையைச் சாக்கடை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காந்தாக்கா அழுகையை நிறுத்திவிட்டாள். வழி நெடுக ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டே வந்தாள். எதுவும் நிற்கவில்லை.

குழிக்குள் இறக்கி, "புத்தம் சரணம்" சொல்லி முடித்து, மண் போட வரிசையாக நின்றோம். ரவி முறை வந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு குனிந்தான். அப்போது காந்தாக்கா பேசினாள். கத்தவில்லை. அத்தனை பெரிய தொண்டையில் அவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அன்னைக்கி கரடிக்கு எடுத்துக் குடுத்தியே, அவரக் கேட்டியா?"

ரவி நிமிர்ந்தான்.

"இன்னைக்கி மோளத்த நிறுத்தினியே, என்னக் கேட்டியா? எம் புள்ளயக் கேட்டியா? எவனோ சிரிச்சான்னு, என் வூட்டுக்காரர ஊமையா இட்டாந்து போட்டுட்டியே. ஒரு பஸ்ஸு நின்னுச்சா அவருக்கு?"

ரவி மண்ணைக் குழியில் போடாமல், கையை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். பின்னால் நின்றவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அப்புறம் அவனைச் சுற்றிக்கொண்டு போய்த் தங்கள் மண்ணைப் போட்டார்கள்.